சீடியில் பூஞ்சை, காரில் 36 ஃபிரேம்

சீடியில் பூஞ்சை பிடிக்கும் என்று சென்னை நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். குலசேகரம் பக்கம் ஒரு மழைக்காலம் குடியிருந்து பார்க்கட்டும். தென்மேற்குப் பருவமும் எங்களுக்கு உண்டு, வடகிழக்கும் உண்டு. வீட்டைச் சுற்றி ரப்பர் மரம், வெயில் தரையில் விழுவதே அபூர்வம். அலமாரியில் வைத்த பெல்ட், செருப்பு, கல்யாண ஆல்பம் எல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். சீடியின் அடிப்பக்கத்தில் வேர் படர்ந்த மாதிரி மெல்லிய கோடுகள் ஓடும். 2001இல் மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் சீடியின் அலுமினியப் படலத்தையே தின்ற ஒரு பூஞ்சையைக் கண்டுபிடித்தார்கள், உலகச் செய்தியானது. எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிழைப்புக்கு லேப்டாப் ஹிஞ்ச், பிரின்டர், வைஃபை. ஆசைக்குப் பழைய சிமுலேட்டர் விளையாட்டுகள். அதாவது டயரும் இறக்கையும் எப்படி நடந்துகொள்ளும் என்று நிஜமாகவே கணக்குப் போடும் கார் ரேஸும் விமானமும். சுடுவது, குதிப்பது எதுவும் எனக்கு ஏறாது. எங்கள் பக்கம் வளைகுடா போய் வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பிள்ளைகளுக்காக அவர்கள் வாங்கி வந்த பெரிய அட்டைப்பெட்டி விளையாட்டுகள் இப்போது மச்சில் கிடக்கின்றன. பிள்ளைகள் பெங்களூரிலோ கனடாவிலோ இருக்கிறார்கள். "எடுத்துட்டுப் போடே, பழைய பேப்பர்காரனுக்குப் போடத்தான் வச்சிருந்தேன்" என்று சொல்லித் தந்தவர்கள் உண்டு. என் சேகரிப்பில் பாதி அப்படி வந்ததுதான். அவற்றை இன்றைய சிஸ்டத்தில் எப்படி ஓட வைப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பூஞ்சை பிடித்த வட்டைச் சாதாரணத் தண்ணீரில், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவலாம். மெத்தென்ற பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது தகவல் தடத்தோடு நீளமாக ஓடிவிடும், டிரைவால் திருத்தி வாசிக்க முடியாது. குறுக்கே விழும் சின்னக் கீறலைப் பிழைதிருத்தக் கணக்கு சமாளித்துக்கொள்ளும். படலத்துக்குள்ளேயே புகுந்துவிட்டால் மருந்து கிடையாது. வாசிக்க முடிகிறது என்றால் அன்றைக்கே முழு வட்டையும் ஃபைலாக எடுத்து வையுங்கள். எடுக்கும்போது பலர் ஐஎஸ்ஓ வடிவில் எடுக்கிறார்கள், அதில் டேட்டா மட்டும்தான் வரும். அந்தக் காலத்து விளையாட்டுகள் பலவற்றில் இசை அதே வட்டில் ஆடியோ சீடி தடங்களாகப் பதிந்திருக்கும். பின்-கியூ வடிவில் எடுத்தால்தான் இரண்டும் கிடைக்கும். விண்டோஸ் ஐஎஸ்ஓவைத் தானாகத் திறக்கும், பின்-கியூவைத் திறக்காது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கால விளையாட்டுகளை இன்றைய சிஸ்டத்தில் ஓட்டித் தரும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் கியூ ஃபைலை நேரடியாகவே ஏற்றுக்கொள்ளும்.

சரி, வட்டு பிழைத்தது. இன்ஸ்டால் ஆகுமா? அங்கேயும் ஒரு வேடிக்கை. விளையாட்டு 32-பிட்டாக இருக்கும், அதை நிறுவும் செட்டப் ஃபைல் மட்டும் அதைவிடப் பழைய பாணி 16-பிட்டாக இருக்கும். விண்டோஸ் 95 காலத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரலுக்கு இடமே இல்லை, விண்டோஸ் 11 வருவதே 64-பிட்டாக மட்டும்தான். "இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஓடிவிடிஎம் என்ற இலவசக் கருவி இந்த 16-பிட் செட்டப்பை ஓட்டிக் கொடுக்கும். இல்லாவிட்டால் எக்ஸ்பி உள்ள ஒரு பழைய சிஸ்டத்தில் நிறுவி, ஃபோல்டரோடு தூக்கிக்கொண்டு வரலாம். நிறுவுவதை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் கால விளையாட்டுகள் தங்கள் செட்டிங்ஸைத் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும் பழக்கம் உள்ளவை. இன்றைய விண்டோஸ் அதைத் தடுத்து வேறெங்கோ ஒரு மறைவான ஃபோல்டரில் எழுதி வைக்கும். சி டிரைவில் கேம்ஸ் என்று நேரே ஒரு ஃபோல்டர் போட்டுக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

சேஃப்டிஸ்க் என்று ஒரு திருட்டுத் தடுப்பு இருந்தது. அசல் வட்டுதானா என்று பார்க்கும் டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை, பழைய விண்டோஸ்களிலும் அதே வருடம் ஒரு அப்டேட்டில் முடக்கிவிட்டார்கள். பாதுகாப்பு என்று பார்த்தால் சரியான முடிவுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டு வேலை செய்யாது என்பது என்ன நியாயமோ! இந்த வகை வட்டுகளுக்காகவே கடையின் பின்னறையில் ஒரு எக்ஸ்பி சிஸ்டத்தை இன்டர்நெட் இணைப்பு இல்லாமல் வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கு நான் சொல்வது, அதே விளையாட்டு ஜிஓஜி, ஸ்டீம் என்ற ஆன்லைன் கடைகளில் விற்கிறதா என்று முதலில் பாருங்கள். தள்ளுபடி நேரத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக் காசுதான் ஆகும்.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் எல்லா வகைப் பழைய விளையாட்டுக்கும் பொருந்தும். சிமுலேட்டருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. யூடியூபில் இது பற்றிப் பேசுகிற பலர் படத்தைப் பற்றியே பேசுகிறார்கள். 4கே டெக்ஸ்சர், புது மரங்கள், பளபளக்கும் தண்ணீர். என் கருத்து வேறு. பழைய சிமுலேட்டரின் உயிர் படத்தில் இருந்ததே இல்லை, அது நேரக் கணக்கில் இருக்கிறது. ஒரு விநாடியை எத்தனை துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் டயரின் மேல் விழும் பாரத்தையும் இறக்கையின் மேல் ஓடும் காற்றையும் கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் விஷயம். அந்தக் கடிகாரம் பிசகினால் 4கே படத்தில் ஒரு பொம்மை கார்தான் ஓடும். கடிகாரமும் கையில் பிடிக்கும் கருவியும் சரியாக இருந்தால் மங்கலான 640க்கு 480 படத்திலேயே உள்ளங்கை வியர்க்கும்.

இதற்கு நல்ல உதாரணம் ஜெஃப் கிராமண்டின் கிராண்ட் பிரீ 2. 1996இல் மைக்ரோபுரோஸ் வெளியிட்டது. 1994 ஃபார்முலா ஒன் பருவத்தை அப்படியே வைத்திருப்பார். டாஸ் விளையாட்டு, எனவே இன்று டாஸ்பாக்ஸில்தான் ஓட்ட வேண்டும். மற்ற விளையாட்டுகள் சிஸ்டம் திணறினால் ஃபிரேமை, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் சிலதை, தவறவிடும், படம் வெட்டி வெட்டி ஓடும். கிராமண்ட் அப்படிச் செய்யவில்லை. ஃபிரேம் எண்ணிக்கையை நாமே தேர்ந்தெடுப்போம், பிராசசரால் முடியாவிட்டால் விளையாட்டின் நேரமே மெதுவாகும். கார்களெல்லாம் ஸ்லோமோஷனில் போகும், ஆனால் ஒரு கணக்கையும் விடாது. 'ஓ' விசையை அழுத்தினால் பிராசசர் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று திரையிலேயே காட்டும். நூறைத் தாண்டினால் நீங்கள் ஓட்டுவது நிஜ நேரம் இல்லை என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் அந்த எண்ணைக் குறைக்க மரத்தையும் மேகத்தையும் அணைத்து வைத்தோம். இன்று அதே மீட்டர் டாஸ்பாக்ஸைச் சரிசெய்யப் பயன்படுகிறது. டாஸ்பாக்ஸில் கண்ட்ரோல் எஃப்12 அழுத்தினால் போலி பிராசசரின் வேகம் கூடும், கண்ட்ரோல் எஃப்11 குறைக்கும். குறைவாக வைத்தால் மீட்டர் நூறைத் தாண்டும். பேராசைப்பட்டு ஏற்றிக்கொண்டே போனால் உங்கள் நிஜ பிராசசர் மூச்சுவாங்கி ஒலி விக்கும். கூட்டமான ஸ்டார்ட்டிங் கிரிடில், கடைசி இடத்தில் நின்றுகொண்டு மீட்டரைப் பாருங்கள், முன்னால் இத்தனை காரும் தெரியும் அந்த இடம்தான் பிராசசருக்குக் கஷ்டமான இடம். அங்கே தொண்ணூறுக்குள் நின்றால் மொனாக்கோ டிராக்கிலும் நிற்கும். விளையாட்டுக்குள்ளேயே இப்படி ஒரு நேர்மையான மீட்டரை வைத்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது என் நிரந்தரக் காதல், கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ். பாப்பிரஸ் நிறுவனம் செய்து 1998இல் சியரா வெளியிட்டது. 1967 ஃபார்முலா ஒன் பருவம். மூன்று லிட்டர் எஞ்சின், ஒல்லி டயர், காரை ரோட்டோடு அழுத்திப் பிடிக்க இறக்கை என்று எதுவும் கிடையாது. அந்த வருடப் பிரெஞ்சுப் பந்தயம் உண்மையில் லெ மான்ஸின் புகாட்டி டிராக்கில் நடந்தது. விளையாட்டில் அதற்குப் பதிலாக ரூவான் டிராக்கை வைத்தார்கள், அதற்காக யாரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை, ரூவான் அவ்வளவு அழகு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக் ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர். மார்த்தாண்டத்தில் கிளம்பினால் தக்கலையையும் தாண்டிவிடும் தூரம். 1967 தகுதிச் சுற்றில் ஜிம் கிளார்க் அதை லோட்டஸ் 49 காரில் 8 நிமிடம் 4.1 விநாடியில் முடித்தார். நம்ம ரோட்டில் அந்த நேரத்துக்குள் பம்மத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

இந்த விளையாட்டு திரையில் விநாடிக்கு 36 ஃபிரேம்தான் காட்டும். என்ன கிராஃபிக்ஸ் கார்டு போட்டாலும் 36தான். புதிதாக வருகிறவர்கள் முதலில் இதைத்தான் குறை சொல்வார்கள். உள்ளே டயர், சஸ்பென்ஷன் கணக்கு அதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த 36 அந்தக் கணக்கோடு பூட்டப்பட்டது. கார்டு வேகமாகிவிட்டது என்று அதை மட்டும் அவிழ்த்துவிட முடியாது. பிறகு ரசிகர்களே உட்கார்ந்து உள்கணக்கையும் சேர்த்து மாற்றி 60 ஃபிரேம் திருத்தம் செய்தார்கள். வேகமான பிராசசர்களுக்கென்று ஒரு திருத்தமும், அந்தக் காலத்து வூடூ கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே ஓட, ஓபன்ஜிஎல் என்ற பொதுவான படம் வரையும் முறைக்கான இணைப்பும் அவர்கள் கைவண்ணம்தான். இதெல்லாம் போட்டால் விண்டோஸ் 11இல் சுகமாக ஓடுகிறது. பாப்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் கேமர்தான் பின்னாளில் ஐரேசிங் என்ற ஆன்லைன் ரேஸ் சிமுலேட்டரைத் தொடங்கினார், அது 2008இல் வெளிவந்தது. இன்றைக்கு மாதச் சந்தா கட்டி ஓட்டுகிறார்களே, அதன் வேர் இந்த வீட்டில்தான்.

அக்கா மகன் நாகர்கோவிலில் எஞ்சினியரிங் படிக்கிறான். அவனிடம் நல்ல கேமிங் லேப்டாப் உண்டு, ரேஸ் விளையாட்டில் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருந்தான். லோட்டஸில் உட்கார வைத்தேன். முதல் வளைவுக்கே போகவில்லை.

"மாமா, வண்டி ரோட்டுலயே நிக்க மாட்டேங்குது. பக் இருக்கு போல."

"பக் ஒண்ணும் இல்ல மக்கா. 67ஆம் வருசத்து டயரு அது. ஆக்சிலேட்டர மிதிக்காத, தடவு."

"தடவுனா எப்ப முன்ன போறது?"

"நீ நேரா நின்னா போதும், முன்ன போறவன்லாம் அவனா சுத்திருவான்."

அதில் ட்ரெயினர் கார்கள் என்று குறைந்த சக்தி உள்ளவை உண்டு. கௌரவம் பார்க்காமல் அதில் தொடங்குவதுதான் வழி. அவனுக்கு மோன்சா டிராக்கில் கொஞ்சம் பிடி கிடைத்த பிறகு அம்மை கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. மரச்சீனியும் சாளைக்கறியும் ஆறிப்போனது.

படம் முக்கியமில்லை என்றேன், ஆனால் படமே வராவிட்டால் என்ன செய்ய? 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு இருந்த நாட்களில் விளையாட்டுகள் கிளைட் என்ற அதன் தனி மொழியில் பேசின. கார்டும் போயிற்று, நிறுவனமும் போயிற்று. அந்த மொழியை இன்றைய கார்டுக்குப் பெயர்த்துச் சொல்ல என்கிளைட் இருக்கிறது. கிளைடோடு விண்டோஸின் சொந்த மொழியான பழைய டைரக்ட்எக்ஸையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள டிஜிவூடூ 2 இருக்கிறது. அதன் டிஎல்எல் ஃபைல்களை விளையாட்டின் ஃபோல்டரில் வைத்தால் போதும், விண்டோஸின் ஃபோல்டரில் கை வைக்கவே வேண்டாம். டிஜிவூடூவால் விமான விளையாட்டுகளுக்கு இன்னொரு லாபம். அந்தக் கால கார்டுகள் மூடுபனியைப் போட்ட ஒரு முறையைப் புதுக் கார்டுகள் கைவிட்டுவிட்டன. பனி வராவிட்டால் அழகு போவது மட்டுமில்லை, தொடுவானம் கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும், தூரம் மதிப்பிட முடியாது. டிஜிவூடூ அந்தப் பனியைத் திரும்பக் கொண்டுவரும்.

அப்புறம் அகலத்திரை. 4க்கு 3 படத்தை இழுத்துத் திரையை நிரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். விமானத்தின் உயரமானி முட்டை வடிவத்தில் இருந்தால் என்ன லட்சணம்? இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

விமானத்துக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் மூலம் புரூஸ் ஆர்ட்விக் 1979இல் ஆப்பிள் 2க்காக எழுதியது. மைக்ரோசாஃப்ட் பெயரில் 1982இல் வந்தது. என் தலைமுறை சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டில் இருந்துதான் பறக்கக் கற்றது. விளையாட்டைத் திறந்தாலே ஏரிக்கரையில் அந்த ஓடுபாதையில் நிற்போம். 2003 மார்ச் கடைசியில் ஒரு நள்ளிரவில் அந்த நகர மேயர் புல்டோசர் விட்டு ஓடுபாதையைக் கிழித்துவிட்டார். சிகாகோவைக் கண்ணால் பார்க்காத நான் அதற்காக வருத்தப்பட்டேன் என்றால் வீட்டில் யாரும் நம்பவில்லை.

இன்று புது சிஸ்டத்தில் ஓட்ட எளிது 2006இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், சுருக்கமாக எஃப்எஸ்எக்ஸ்தான், அதுவும் 2014இன் ஸ்டீம் பதிப்பு. இதிலும் கதை கடிகாரம்தான். எழுதினவர்கள் பிராசசரின் கிகாஹெர்ட்ஸ் ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்து எழுதினார்கள். உலகம் வேறு பக்கம் போய், வேகத்துக்குப் பதிலாகக் கோர்கள் பெருகின. அதனால் இன்றைக்கும் அதன் பாரமெல்லாம் பெரும்பாலும் ஒரே கோர் மேல்தான். பதினாறு கோர் வாங்கினால் பதினைந்து சும்மா நிற்கிற மாதிரிதான். இன்னொன்று, 32-பிட் நிரல் என்பதால் 4 ஜிபிக்கு மேல் நினைவகம் தொடாது. சிஸ்டத்தில் 32 ஜிபி ரேம் இருந்தாலும், பெரிய விமானமும் பெரிய நகரமும் கூடுதல் டெக்ஸ்சரும் சேர்ந்தால் நாலு மணி நேரப் பயணத்தின் இறங்கும் கட்டத்தில் நினைவகம் தீர்ந்து மூடிக்கொள்ளும். எச்சரிக்கை மணியோசை கேட்டதும் தெரிந்துவிடும். விளையாட்டே தானாக நட்டு வைக்கும் ஆட்டோஜென் மரங்களையும் போக்குவரத்தையும் குறைத்து வைத்துப் பறப்பதுதான் பிழைக்கும் வழி. பழைய டிவிடி பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு மெனுவைத் திறக்கும்போதெல்லாம் விழுந்துவிடும் தொல்லை உண்டு. விஸ்டா காலத்து யுஐ ஆட்டோமேஷன் கோர் என்ற டிஎல்எல்லை விளையாட்டின் ஃபோல்டரில் வைத்தால் அது நிற்கும்.

எனக்குப் பிடித்த பறப்பு நம்ம ஊர் மேலேதான். செஸ்னா 172 என்ற குட்டி விமானம், திருவனந்தபுரம், ஓடுபாதை 14. தென்கிழக்கு பார்த்த ஓடுபாதை, எழும்பியதும் மூக்கு கடலை நோக்கி இருக்கும். கொஞ்சம் இடது திரும்பிக் கடலோரமாகவே பிடித்துக்கொண்டால் கரை இடது பக்கம் கூடவே வரும். குளச்சல், முட்டம் எல்லாம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கடற்கரை வளையும். ஆனால் குளச்சலும் இல்லை, முட்டத்து லைட்ஹவுசும் இல்லை, யாரோ எங்கோ எடுத்த பொதுவான வயல் டெக்ஸ்சர்தான். அரை மணிக்குள் நிலம் முடிந்துவிடும். விவேகானந்தர் பாறையும் 133 அடித் திருவள்ளுவரும் நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர்தான். 2020இல் வந்த புது ஃப்ளைட் சிமுலேட்டரில் செயற்கைக்கோள் படமே வருகிறது, தெரு தெருவாகப் பார்க்கலாம். ஆனால் அது இன்டர்நெட்டில் இருந்து படத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் எங்கள் வீட்டு லைன் எந்த நேரத்தில் போகும் என்று சொல்ல முடியாது. பழையதில் இந்தப் பிரச்சினை கிடையாது.

குமரி முனையில் இடது திரும்பி வடக்கே போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய். இடது பக்கம் மலை, வலது பக்கம் நெல்லைச் சமவெளி. மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் நிற்பதால் செஸ்னாவுக்கு விளையாட்டுக் காட்டும் உயரம்தான். வெதர் மெனுவில் மேற்குக் காற்றை 25 நாட் வைத்து, டர்புலன்ஸையும் ஏற்றிக்கொள்வேன். ஆடி மாதம் முப்பந்தல் காற்றாலைகளுக்குக் கீழே பைக் ஓட்டினவர்களுக்கு அந்தக் காற்று என்னவென்று தெரியும், கைப்பிடியைச் சாய்த்தே பிடிக்க வேண்டும். செஸ்னாவிலும் அதே கதை. மூக்கை மேற்கே சாய்த்து வைத்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் போக வேண்டும். காற்றாலை ஒன்றுகூட திரையில் இல்லை, ஆனால் காற்று இருக்கிறது. இதற்குத்தான் சொன்னேன், படம் அப்புறம் என்று.

போர் விமானத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன், ஃபால்கன் 4.0. 1998 டிசம்பரில் ஏகப்பட்ட பிழைகளோடு வந்தது. பெட்டிக்குள் பள்ளிக்கூட ஃபைல் மாதிரி வளையம் போட்ட தடித்த கையேடு. கொரியப் போர்க்களம் முழுவதும் நாம் இல்லாமலேயே தானாக நடந்துகொண்டிருக்கும், நாம் எஃப்-16இல் ஒரு மூலையில் கலந்துகொள்வோம். 2000இல் அதன் சோர்ஸ் கோட் வெளியே கசிந்தது. அதை எடுத்து வளர்த்த ரசிகர் குழு இன்று தரும் ஃபால்கன் பிஎம்எஸ் விண்டோஸ் 11இல் எந்த ஒட்டு வேலையும் இல்லாமல் ஓடும், 4.37 பதிப்பிலிருந்து கண்ணில் மாட்டிப் பார்க்கும் விஆர்கூட உண்டு. இலவசம், ஆனால் உங்களிடம் அசல் ஃபால்கன் 4.0 இருக்கிறதா என்று சரிபார்க்கும். அசலை ஸ்டீமிலும் ஜிஓஜியிலும் வாங்கலாம். நம் பட்டியலிலேயே தகராறு இல்லாமல் நிறுவ முடிவது இதுதான், ஓட்டுவதுதான் தகராறு.

கைக்கு வருவோம். ஷார்ஜாவில் இருந்த மாமா 1999இல் கொண்டுவந்த ஜாய்ஸ்டிக் இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்னால் 15 பின் கேம்போர்ட். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்குச் சிரிப்பாக வந்தது. குச்சியின் அடியில் இருப்பது பழைய ரேடியோ வால்யூமில் இருக்கும் அதே பொட்டென்ஷியோமீட்டர். குச்சி எங்கே இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் நேரடியாக அளக்காது. ஒரு மின்தேக்கி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிக்கொண்டே நிற்கும். அந்த எண்ணிக்கை பிராசசரின் வேகத்தைப் பொறுத்தது. ஆக இதிலும் கடிகாரம்தான். டாஸ் விளையாட்டுகள் ஒவ்வொன்றிலும் ஜாய்ஸ்டிக்கை மூலைக்கு மூலை ஆட்டி காலிபரேட் செய்யச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

விஸ்டாவோடு கேம்போர்ட் ஆதரவு போய்விட்டது. புது மதர்போர்டில் அந்தத் துளையும் இல்லை. ஆன்லைனில் மலிவாக வரும் யுஎஸ்பி மாற்றிகளில் ஒன்றை வாங்கினேன், நடுப்புள்ளி நடுவில் நிற்கவே இல்லை, விமானம் சதா இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. கடைசியில் ஜாய்ஸ்டிக்கைத் திறந்து, உள்ளே ஆர்டுயினோ புரோ மைக்ரோ என்ற குட்டி மின்னணுப் பலகை ஒன்றைப் பதித்தேன். அதிலிருக்கும் சில்லு தன்னை யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் என்றே விண்டோஸிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும், டிரைவர் எதுவும் வேண்டாம். செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. கேம்போர்ட் குச்சிகளில் பொட்டென்ஷியோமீட்டரின் இரண்டு காலில்தான் வயர் இருக்கும். ஆர்டுயினோவுக்கு மூன்று காலும் வேண்டும், ஒன்று 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட், நடுக்கால் அளவுக்கு. அப்புறம் பழைய 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் லீனியர் போடுங்கள், சில்லின் அளவைக்கு அதுதான் ஒத்துவரும், எண் நடுங்காது. ஒவ்வொரு அச்சுக்கும் 1,024 படி கிடைக்கும். செஸ்னாவுக்குத் தாராளம். கடலோரத்தில் இருப்பவர்கள் மழைக்கு முன் ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடித்துக்கொள்ளுங்கள், உப்புக்காற்றில் பொட்டென்ஷியோமீட்டர் சீக்கிரம் கரகரக்கும். இதையெல்லாம் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் மைக்ரோசாஃப்டின் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 எங்கேயாவது கிடைத்தால் விடாதீர்கள். யுஎஸ்பி, உள்ளே தேய்கிற பொட்டென்ஷியோமீட்டரும் கிடையாது, ஒளியை வைத்து அளப்பது. விண்டோஸ் 11இலும் செருகினால் போதும்.

ஸ்டியரிங் வீல் வைத்திருப்பவர்களுக்கு: பழைய ரேஸ் விளையாட்டுகள் சில ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒரே அச்சின் இரண்டு முனைகளாகத்தான் புரிந்துகொள்ளும். லாஜிடெக் மென்பொருளில் இரண்டு பெடலையும் சேர்க்கும் தேர்வு இதற்காகவே இருக்கிறது. கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ் தனித்தனி அச்சை ஏற்கும், அதில் சேர்க்காதீர்கள், ஆக்சிலேட்டரும் பிரேக்கும் ஒன்றாக மிதிக்க வேண்டிய வளைவுகள் நிறைய உண்டு. 900 டிகிரி சுற்றும் வீலை 270 அளவுக்குக் குறைத்து வையுங்கள். அப்போதைய வீல்கள் அவ்வளவுதான் சுற்றின, விளையாட்டும் அதை நினைத்தே எழுதப்பட்டது. குறைக்காமல் ஓட்டினால் லாரி ஓட்டுகிற மாதிரி கை மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டி வரும், அதற்குள் கார் வைக்கோல் கட்டில் இருக்கும்.

இதற்கெல்லாம் பெரிய சிஸ்டம் வேண்டுமோ என்று கடைக்கு வருகிற பையன்கள் கேட்கிறார்கள். கிராண்ட் பிரீ 2க்கு கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம், பிராசசர் கொஞ்சம் வேகமாக இருந்தால் போதும். லெஜண்ட்ஸ் சாதாரண ஆபீஸ் லேப்டாப்பிலேயே ஓடும். எஃப்எஸ்எக்ஸுக்குக் கோர் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒற்றைக் கோரின் வேகத்தைப் பாருங்கள். ஃபால்கன் பிஎம்எஸுக்கு மட்டும் சுமாரான கார்டு ஒன்று வேண்டும், அதோடு கையேட்டைப் படித்து முடிக்க நீளமான லீவும் வேண்டும்.